பதினோராம் கேள்விக்கு நான் எழுதிய பதில்

என் மகனுக்கு,

இந்தக் கடிதத்தை உறையில் போடுவேன், ஆனால் ஒட்டமாட்டேன். நீ படித்த பிறகு உன் பேராசிரியர் படிக்கலாம். உனக்கு ஃபெலோஷிப் தந்தவர்கள் யாரையாவது வைத்து மொழிபெயர்த்துப் படிக்கலாம். ஊரில் எவரும் படிக்கலாம். நீ சனிக்கிழமை கண்டியிலிருந்து வந்து இறங்குவாய், குளிப்பாய், சாமி அறைக்குள் போவாய். நீ போனில் சொன்னபடி, ஃபெலோஷிப்காரர் உன் கையெழுத்துக்காக அனுப்பிய கடிதத்தை மருதனார்மடச் சந்தியில் பிரின்ற் எடுத்து, பிளாஸ்ரிக் உறையில் போட்டு, பிள்ளையார் படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறேன். அதற்கு மேலே இது இருக்கும். முதலில் இதைப் படி. கையெழுத்தைப் பிறகு வைக்கலாம்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இதை உன்னிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை, ஏனென்றால் இந்த வீட்டில் பயப்படுகிற வேலை உன் அப்பாவுடையது. போரில் செல் குண்டு விழுந்த நாட்களிலும் சைக்கிளில் போய்ப் பிரசவம் பார்த்துவிட்டு வந்தவள் நான். உன் அப்பா கேற்றடியில் நின்று நகம் கடித்துக்கொண்டிருப்பார், நான் வந்து இறங்கி, பசிக்கிறது என்பேன். அப்படிப்பட்டவள் ஒரு வாரமாகச் சோறு இறங்காமல் இருக்கிறேன். அனுமாருக்கு உன் பெயரில் வடைமாலை நேர்ந்திருந்தேனல்லவா, உனக்கு ஃபெலோஷிப் கிடைத்த செய்தி வந்ததும் உழுந்தை ஊறப்போட்டேன். பிறகு கோயிலுக்குப் போகக் கால் எழவில்லை. அரைத்துத் தோசை சுட்டுவிட்டேன். அதையும் சாப்பிட முடியவில்லை. பக்கத்து வீட்டு ஆட்கள் சாப்பிட்டார்கள்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் ஆராய்ச்சிக்காகத் தோட்டக்கார ஆட்களிடம் நான் சிறுநீர் எடுத்துத் தந்தேனே, அந்தக் கேள்வித்தாள்களில் பதினோராவது கேள்விக்கு எழுதியிருக்கிற பதில்கள் அந்த ஆட்கள் சொன்னவை அல்ல. நான் எழுதியவை. பெரும்பாலும் பொய்.

எப்படி நடந்தது என்று ஒழுங்காகச் சொல்ல வேண்டும். இந்தக் கடிதத்தைப் படிக்கக்கூடிய மற்றவர்களுக்காகவும் சொல்கிறேன். நீ எங்கள் பக்கத்தில் தோட்டம் செய்கிற விவசாயிகளின் சிறுநீரகம் ஏன் கெடுகிறது என்று தேடுகிறாய். எங்கள் கிணறுகளில் உரமும் மருந்தும் இறங்கியிருக்கிறது, அதுதான் காரணமோ என்பது உன் சந்தேகம். சிறுநீரகம் பழுதடையத் தொடங்கும்போதே சலத்தில் ஒரு புரதம் கூடுமாம். அதை எங்கள் வலிகாமத்துத் தோட்டக்காரர் நாற்பது பேரிலும், தோட்டக் கிணற்றுத் தண்ணீர் குடிக்காத கடற்கரை ஆட்கள் நாற்பது பேரிலும் அளந்து பார்த்தால் தெரிந்துவிடும் என்றாய். கடற்கரைப் பக்கம் உன் கூட்டாளி புரட்டாதியிலேயே எடுத்து முடித்துவிட்டான். அங்கே எல்லாரும் வேதக்கார, அதாவது கிறிஸ்தவ, மீன்பிடிக் குடும்பங்கள். தோட்டப் பக்கத்துக்கு நீ பிடித்துவைத்த பெடியனுக்கு வங்கியில் வேலை கிடைத்து அவன் போய்விட்டான். மழை வேறு. விண்ணப்பம் போடவேண்டிய கடைசி நாள் நெருங்கிவிட்டது. நீ கண்டியில் லாப்பை விட்டு அசைய முடியாது. அப்போதுதான், "அம்மா, உங்களை விட்டால் ஆர்?" என்று கேட்டாய்.

எனக்கு அன்றைக்கு வந்த புளுகத்தை, அந்தச் சந்தோஷத்தை, என்னவென்று சொல்வது! ஓய்வு பெற்று மூன்று வருடம் கோழிக்குத் தவிடு குழைத்துக்கொண்டிருந்தவளுக்குத் திரும்ப ஒரு உத்தியோகம். நீ இரண்டு நாள் எனக்குப் படிப்பித்தாய், கையுறை எப்படிப் போடுவது, லேபல் எப்படி ஒட்டுவது, விடியற்காலைச் சலம் ஏன் வேண்டும் என்று. "எனக்கே படிப்பிக்கிறாய்? நீ பிறக்க முன்னமே நான் போத்தலிலை சலம் எடுத்தவள்" என்று உன்னைக் கிண்டல் பண்ணினேன். நீ சிரிக்கவில்லை. கேள்வித்தாளை எடுத்து ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினாய். பதினோராவதில் விரலை வைத்தாய். கடந்த மூன்று நாட்களில் விரதத்தாலோ வேறு காரணத்தாலோ உணவையோ தண்ணீரையோ குறைத்தீர்களா? ஓம், குறைத்தேன் என்று சொல்கிறவரை விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். நான் தலையாட்டினேன்.

குளிர்ப்பெட்டி வாகனம் கண்டிக்குப் போகிற வெள்ளிக்கிழமைக்கு முன்னால் எடுத்து முடிக்க வேண்டும். அந்தக் கிழமை முழுவதும் கந்தசஷ்டி விரதம். நீ அதையும் மறக்கவில்லை. போன் எடுத்துச் சொன்னாய்: "அம்மா, சஷ்டி தொடங்கீட்டுது. விரதக்காரரை விட்டிட்டு எடுங்கோ. பட்டினி கிடந்தால் அந்தப் புரதம் தன்பாட்டிலை கூடும். விரதமில்லாத ஆள் காணாட்டில் எனக்குச் சொல்லுங்கோ, நான் வேறை வழி பாக்கிறன்." நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும். "ஓம் ஓம், நான் பாக்கிறன். நீ உன்ரை வேலையைப் பார்."

முதல் வீடு தவமலருடையது. வெங்காயத் தோட்டம், இரண்டு பிள்ளைகள், இரண்டு பிள்ளைகளுக்கும் நான்தான் ஓடித் திரிந்து நிறை பார்த்தேன். போத்தலைக் கழுவித் துடைத்து, நிரப்பி, மேலே வாழையிலைத் துண்டு ஒன்றால் மூடி, எனக்காகப் படியில் வைத்திருந்தாள். "விரதமோ பிள்ளை?" என்று கேட்டேன். "ஓம் அக்கா, இந்த முறை மிளகும் தண்ணியும்தான். அதுக்காகத் தம்பியின்ரை படிப்புக்கு இல்லையெண்டு சொல்லுவனே? கொண்டு போங்கோ" என்றாள். நான் பேனையோடு நின்றேன். ஆறு நாளும் மிளகையும் தண்ணீரையும் விழுங்கிக்கொண்டு, அதோடு தோட்டத்துக்கும் இறைத்துவிட்டு வந்து, எனக்காக விடிய எழும்பிப் போத்தல் நிரப்பிய ஒரு பெண்ணின் படியில் போத்தலைத் திருப்பி வைப்பதா? அப்படி வைத்தால் அவள் என்ன நினைப்பாள்? அடுத்த வீட்டிலும் விரதம்தான், அதற்கடுத்த வீட்டிலும்தான். அந்தக் கிழமையில் எங்கள் பக்கம் விரதம் பிடிக்காதவரை எண்ண ஒரு கையின் விரல்கள் போதும். உன் நாற்பதுக்கு நான் எங்கே போவேன்? இல்லை என்று எழுதினேன். மூன்றாவது வீட்டிலிருந்து கேட்பதையே விட்டுவிட்டேன். படலை திறக்க முன்னமே இல்லை, இல்லை என்று எழுதிக்கொண்டு போனேன்.

நான் அறியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது. முப்பது வருடம் கர்ப்பிணித் தாய்மாரைப் பார்த்தவளுக்கு, சாப்பிடாமல் கிடந்தால் சலம் மாறும் என்று தெரியாதா? தெரியும். தெரிந்ததை ஒரு பக்கம் ஒதுக்கிவைத்துவிட்டு, முருகனுக்குப் பிடிக்கிற விரதத்தால் பிள்ளைக்கு என்ன கேடு வரப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உனக்கு இதுதான் கடைசி வருடம் என்பது மட்டும்தான் மண்டைக்குள் நின்றது. கலாநிதிப் பட்டம் முடித்து இத்தனை வருடத்துக்குள் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள், அதைத் தாண்டினால் நீ தொடக்கநிலை ஆராய்ச்சியாளன் இல்லை, ஆனால் பெரிய ஆராய்ச்சியாளனும் இல்லை, எந்தக் கதவிலும் உன் பெயர் கிடையாது. நீதான் எனக்கு விளங்கப்படுத்தினாய். உன்னோடு படித்தவர்களில் பாதிப்பேர் வெளிநாட்டில் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். நீ மட்டும் வருடா வருடம் புதுப்பிக்கிற தற்காலிக விரிவுரையாளர் வேலையில், மற்றவர்களுடைய ஆராய்ச்சிக்குப் போத்தல் கழுவிக்கொண்டு, ஒருநாள் என்னுடைய கேள்வியை நானே கேட்பேன் என்று இருந்தாய். மூன்று வருடச் சம்பளம், உன் பெயரில் ஒரு சின்ன ஆய்வுகூடம், உனக்குக் கீழே இரண்டு மாணவர். அதற்காக நான் எதையும் எழுதியிருப்பேன். எழுதினேன்.

பிறகு நேர்முகம் நடந்த அந்தப் பின்னேரம். கதவைச் சாத்திக்கொண்டு கொம்பியூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தாய். சத்தம் கேட்கும் என்று காற்றாடியையும் நிறுத்திவிட்டாய். நான் வெளியில் காவல். காகத்தைக் கலைத்தேன். ஐஸ்கிறீம் வான் பாட்டோடு ஒழுங்கைக்குள் வர, ஓடிப்போய்க் கையைக் காட்டி மறித்து, "தம்பி, உள்ளுக்கை என்ரை பிள்ளைக்குச் சோதினை நடக்குது, பாட்டை நிப்பாட்டும்" என்றேன். அவன் பாட்டை நிறுத்திவிட்டு, எனக்கு ஒரு ஐஸ்கிறீமை விற்றுவிட்டுத்தான் போனான். நீ வியர்வையில் சேட் நனைய வெளியே வந்தாய். முகம் முழுக்கச் சிரிப்பு. "அம்மா, விரதத்தைப் பற்றியே கேட்டவை! எங்கடை ஆக்கள் விரதம் பிடிக்கிறவை, அதாலை வித்தியாசம் வந்திருக்கலாம்தானே எண்டு ஒரு மனிசி கேட்டா. நான் பதினோராம் கேள்வியைத் திறந்து காட்டினன். ஒருத்தரும் விரதமில்லை எண்டு சொன்னன். அதோடை அவை வாயை மூடீட்டினம்." சொல்லிவிட்டு, என் கையில் உருகிக்கொண்டிருந்த ஐஸ்கிறீமை வாங்கிச் சாப்பிட்டாய்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். கிடைக்காவிட்டால் சொல்லவே வேண்டியதில்லை என்று இருந்தேன். பெற்ற தாய், பிள்ளைக்குக் கிடைக்கக் கூடாது என்று கடவுளைக் கும்பிட்டதை நீ கேள்விப்பட்டிருக்கிறாயா? நான் கும்பிட்டேன். ஒரு பக்கம் வடைமாலை நேர்த்தி, மறுபக்கம் இந்தக் கும்பிடு. அனுமார் குழம்பிப்போயிருப்பார். போன செவ்வாய்க்கிழமை நீ போன் எடுத்துக் கத்தினாய், கிடைத்துவிட்டது என்று. நான் கேட்டேன், அவர்களுக்கு எது பிடித்ததாம் என்று. "தோட்டப் பக்கம் கூட, கடற்கரைப் பக்கம் குறைய. அந்த இடைவெளிதான் அம்மா என்ரை ஃபெலோஷிப்" என்றாய். அந்த இடைவெளியில் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியாது. ஒரு பக்கம் ஆறு நாள் பட்டினி, மறுபக்கம் மீன் குழம்பும் சோறும். கிணற்றில் ஏதாவது இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆனால் நீ வைத்திருக்கிற கடதாசிகளில் அது தெரியாது.

இதை நீ முன்பே அறிந்திருக்க வேண்டியவன். உனக்கு ஆறாம் வகுப்பில் விஞ்ஞானக் கண்காட்சி. இருட்டில் வைத்த பயற்றங்கன்றும் வெளிச்சத்தில் வைத்த பயற்றங்கன்றும். வெளிச்சத்தில் வைத்தது வாடிச் செத்துப்போனது. நான் உனக்குத் தெரியாமல் பக்கத்து வளவிலிருந்து நல்ல கன்று ஒன்றைப் பிடுங்கி அந்தச் சட்டிக்குள் நட்டுவைத்தேன். நீ இலைகளை எண்ணிக் கொப்பியில் எழுதிவைத்திருந்தாய் என்று எனக்கு எப்படித் தெரியும்? பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் முன்னால், "இது என்ரை கன்று இல்லை ரீச்சர், என்ரை செத்துப்போச்சு" என்று சொல்லிவிட்டு வந்தாய். பரிசு போனது. நான் உன்னை அடித்தேன். இரண்டு நாள் உன்னோடு கதைக்கவில்லை. அடி வாங்க வேண்டியவள் யார் என்று யோசிக்க எனக்கு இவ்வளவு காலம் எடுத்திருக்கிறது.

இத்தனைக்கும் என் உத்தியோகக் கொப்பிகளில் நான் ஒரு எழுத்தும் பிழையாக எழுதியவள் இல்லை. இடம்பெயர்ந்து கொடிகாமத்துக்கு நடந்தபோது நீ என் இடுப்பில். மற்றக் கையில் இருந்த பையில் உன் உடுப்பு இல்லை, என் பிரிவுப் பிள்ளைகளின் நிறைப் பதிவேடு. "பிள்ளையின்ரை சட்டையை விட்டிட்டு ஆற்றையோ பிள்ளையளின்ரை கிலோக்கணக்கைக் காவுறாய், நீயெல்லாம் ஒரு மனிசி" என்று உன் அப்பா வழியெல்லாம் ஏசிக்கொண்டு வந்தார். கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூட மரத்தில் தராசைக் கட்டி அந்தக் குழந்தைகளை நான் நிறுத்தேன். இளைத்த குழந்தை இளைத்தது என்றுதான் எழுதினேன். தாய்மார் அழுவார்கள், கூட்டி எழுதுங்கோ அக்கா என்பார்கள். எழுதமாட்டேன். மற்றவர்களின் பிள்ளைகளுக்கு என்றால் எனக்குக் கை வளையாது.

இனி எழுதப்போவதுதான் கஷ்டமானது. இதை எழுத வேண்டாம் என்று இரண்டு நாள் இருந்தேன். சலப் போத்தல் விஷயம் மட்டும் போதும், மற்றது எதற்கு என்று. ஆனால் இதைச் சொல்லாவிட்டால் அதற்கும் முழு அர்த்தம் வராது. நீ இந்த ஆராய்ச்சிக்குப் போனது உன் அப்பாவால். சிறுநீரகம் கெட்டு, கிழமைக்கு இரண்டு தரம் இரத்தம் சுத்திகரிக்கப் போய் வந்து, கடைசியில் போன மனிதர். நீ அப்போது பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம். செத்த வீடு முடிந்த அன்று, "அப்பாவுக்கு ஏன் அம்மா வந்தது?" என்று என்னைக் கேட்டாய். தண்ணீர்தான் என்று சொன்னேன். கிணற்றுத் தண்ணீர்தான், வேறு என்ன என்று. அந்தப் பதிலை வைத்துக்கொண்டுதான் நீ பதினைந்து வருடம் நடந்திருக்கிறாய்.

உன் அப்பாவுக்கு வெங்காயத்துக்குக் குனிந்து குனிந்து இடுப்பு நோ. உனக்குத் தெரியும், சாக்குக் கட்டிலில் குப்புறப் படுத்து உன்னை ஏறி மிதிக்கச் சொல்வார். உனக்குத் தெரியாதது, நான் அவருக்கு நோக்குளிசை, வலி மாத்திரை, கொடுத்தேன். காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. ஒரு கிழமைக்கு இல்லை, வருடக்கணக்காக. மருந்துக்கடையில் மிட்வைஃப் அக்கா கேட்டால் யார் டொக்டரின் துண்டு கேட்கப்போகிறார்கள்? நோ குறைந்தது, தோட்டத்துக்குப் போனார், உனக்குப் புத்தகம் வாங்கினோம். பிறகு கால் வீங்கியது. கிளினிக்கில் ஒரு இளம் டொக்டர், நல்ல பிள்ளை, கடதாசியைப் பார்த்துப் பார்த்துக் கேட்டுக்கொண்டு வந்தவர், "ஐயா நோக்குளிசை கனகாலம் பாவிச்சவரோ?" என்று கேட்டார். உன் அப்பா வாயைத் திறக்க முன்னமே நான், "இல்லை டொக்டர்" என்றேன். அவர் அப்படியே எழுதினார். உன் அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். அதற்குப் பிறகு இரண்டு வருடம் இருந்தார், அதைப் பற்றி ஒரு நாளும் கதைக்கவில்லை. ஏசியிருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதி!

நோக்குளிசையைக் கனகாலம் போட்டால் சிறுநீரகம் கெடலாம், ஆனால் குளிசையால்தான் வந்தது என்று நான் சொல்லவில்லை. சீனி வியாதி இருந்தது, பிரஷர் இருந்தது, தண்ணீரும் இருந்தது. எனக்குத் தெரியாது. அந்தத் தெரியாததைக் காவிக்கொண்டு இருப்பதுதான் என்னால் முடியவில்லை. நீ கிணற்றைச் சந்தேகப்பட்டு ஆராய்ச்சி தொடங்கியபோது நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று நினைக்கிறாய்? என் மகன் படித்துப் பட்டம் வாங்கி, வெளிநாட்டுக்காரருக்கு முன்னால் நின்று, கிணறுதான் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்லப்போகிறான். அப்போது நான் தப்பிவிடுவேன். தவமலரின் படியில் பேனையோடு நின்றபோது உனக்காக மட்டும் எழுதவில்லை. எனக்காகவும் எழுதினேன். இதை இப்போது, எழுதிக்கொண்டிருக்கும்போதுதான், எனக்கு நானே ஒத்துக்கொள்கிறேன்.

நான் வாயை மூடிக்கொண்டு செத்துப்போயிருக்கவும் கூடும். தவமலர்தான் விடவில்லை. நீ போன் எடுத்த மறுநாள், புதன்கிழமை, சந்தையில் என்னைக் கண்டு, ஒரு பக்கமாகக் கூட்டிக்கொண்டு போய், சட்டைக்குள்ளிருந்து ஒரு துண்டை எடுத்தாள். அளவு கூடியவர்களுக்கு, கிளினிக்கில் போய்க் காட்டுங்கள் என்று தை மாதம் நீ கொடுத்த துண்டு. மடித்து மடித்துக் கிழிகிற நிலையில் இருந்தது. "அக்கா, எனக்குத்தானாம் எல்லாரிலும் அளவு கூட. அவருக்கு இன்னும் சொல்லேல்லை. எனக்கும் தம்பியின்ரை அப்பாவுக்கு வந்த மாதிரி வருமோ? பயத்திலை நான் கிணத்துத் தண்ணி குடிக்கிறதையே விட்டிட்டன். பிள்ளையளுக்கு மட்டும் கடைத்தண்ணி வாங்குறன், நான் ஒரு நாளைக்கு ரெண்டு டம்ளரோடை சமாளிக்கிறன்." வெயிலில் தோட்டம் செய்கிற பெண், தண்ணீர் குடிக்காமல், சிறுநீரகத்தைக் காப்பாற்றுகிறாளாம். என் பொய் அவளை உண்மையிலேயே நோயாளியாக்கிவிடும்.

அங்கேயே அவளிடம் சொன்னேன், மகனே. வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் நின்று சொன்னேன். அவள் முதலில் விளங்காமல் பார்த்தாள். பிறகு, "அப்ப எனக்கு ஒண்டுமில்லையோ?" என்றாள். அந்த முகத்துக்கு ஓம் என்று சொல்லிவிட எனக்கு எவ்வளவு ஆசை! "தெரியாது பிள்ளை. திரும்பப் பார்த்தால்தான் தெரியும். அதுமட்டும் தண்ணியை நல்லாக் குடி, நாளைக்கே கிளினிக்குக்கு வா, நானும் வாறன்" என்றேன். அவள் கோபப்பட்டாள். "உங்களை நம்பித்தானே அக்கா தந்தது" என்று ஒரே ஒரு வசனம். பிறகு துண்டை மடித்து வைத்துக்கொண்டு போனாள். மறுநாள் கிளினிக்குக்கு வந்தாள், ஆனால் காத்திருக்கிற வாங்கில் எனக்குப் பக்கத்தில் உட்காரவில்லை.

பிறகு நாற்பது வீட்டுக்கும் போனேன். மூன்று நாள் எடுத்தது. யார் விரதம், எத்தனை நாள், என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டு, அவர்கள் சொன்னதை அவர்கள் சொன்னபடியே எழுதியிருக்கிறேன். அந்தத் தாள்கள் இந்த உறைக்குள் இருக்கின்றன. சிலர் சிரித்தார்கள். ஒருவர், "அக்காவுக்கு வயசு போயிட்டுது" என்றார். ஒரு வீட்டில் கேற் திறக்கவில்லை. இரண்டு முறை உன் பேராசிரியரிடம் போகவும் வெளிக்கிட்டேன். மருதனார்மடத்தில் பஸ் ஏறப்போய், திரும்பி வந்துவிட்டேன். பயத்தால் மட்டும் இல்லை. உனக்குத் தெரியாமல் உன் சட்டிக்குள் மறுபடியும் கன்று நடுகிற வேலையாகப் போய்விடும் என்று நினைத்தேன்.

நீ இனி ஆட்களை வைத்து வேலை வாங்கப்போகிறவன், இந்த முறை இல்லாவிட்டாலும் எப்போதாவது. ஒன்று சொல்கிறேன், கேள். உன் ஆராய்ச்சிக்குக் கெடுதல் நினைக்கிறவனைப் பற்றிக் கவலைப்படாதே, அவனை எல்லாருக்கும் தெரியும். உனக்கு நல்லது நடக்க வேண்டும் என்று தவிக்கிறவரைப் போத்தலுக்குக் கிட்ட விடாதே. மாணவன் ஒருவன் நீ எதிர்பார்த்ததையே கொண்டு வந்து தந்தால், சந்தோஷப்பட முன்னம், எந்த வீட்டில், எந்தக் கிழமையில் எடுத்தாய் என்று கேள். ஆள் காணாவிட்டால் எனக்குச் சொல்லுங்கோ என்று நீ எனக்குச் சொன்னாய், ஆனால் உன் குரலில் இருந்த அவசரம் வேறு ஒன்றைச் சொன்னது. உன்னில் பழி போடவில்லை. உனக்குக் கீழே வருகிறவர்களுக்கு, ஆள் போதவில்லை என்று பயமில்லாமல் வந்து சொல்ல ஒரு வழி விடு. தாயாக இருந்தும் எனக்கு அந்தத் துணிவு வரவில்லை.

இனி என் பயத்தைச் சொல்கிறேன். இதை நீ அவர்களுக்கு எழுதினால், தந்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். உன் வருடக்கணக்கும் முடிந்துவிடும். ஏமாற்றுக்காரன் என்று உன் பெயருக்குப் பக்கத்தில் எழுதலாம், நீ ஒரு எழுத்தும் பொய் எழுதாதவனாக இருந்தும். அல்லது திரும்ப எடுத்துப் பார்க்க அவகாசம் தரலாம். எனக்குத் தெரியாது, அவர்கள் எப்படிப்பட்ட ஆட்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. ஆறாம் வகுப்பில் எல்லாருக்கும் முன்னால் எழும்பி நின்ற பிள்ளை, இப்போது வளர்ந்து, அம்மாவை வெட்கப்படுத்தக் கூடாது என்று நினைத்து, இந்தக் கடிதத்தை மடித்து மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டு, மற்றக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவானோ என்று. உன் அப்பா என்னைக் காப்பாற்ற அப்படித்தான் வாயை மூடிக்கொண்டு இருந்தார். நீ அவருடைய பிள்ளை. அதனால்தான் உறையை ஒட்டவில்லை.

நீ வரும்போது நான் வீட்டில்தான் இருப்பேன். எங்கும் ஓடமாட்டேன். ஏச வேண்டுமென்றால் ஏசு, உன் அப்பா ஏசாததையும் சேர்த்து ஏசு. சாப்பிட்டுவிட்டு ஏசு, கண்டிச் சாப்பாட்டில் நீ காய்ந்துபோய்த்தான் வருவாய்.

நேற்று விடிய தவமலர் கேற்றடிக்கு வந்தாள். உள்ளே வரவில்லை. விரதமில்லாத எந்த நாளிலும் திரும்பச் சலம் தரத் தான் தயார் என்றாள். மற்ற வீட்டுக்காரரோடும் கதைத்துவிட்டாளாம், அவர்களும் தருவார்களாம். பிறகு கேற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "எடுக்கத் தம்பியே வருவாரோ, இல்லாட்டில் நீங்களோ?"

"நான் வரமாட்டன் பிள்ளை. அவன்தான் வருவான்" என்றேன்.

உன்னைக் கேளாமல் சொல்லிவிட்டேன். உன்னைக் கேளாமல் நான் எழுதிக்கொடுக்கிற கடைசிப் பதில் இதுதான். இதையாவது நீ பொய்யாக்கிவிடாதே.

உன் அம்மா